சுத்த காட்டன் என்று விற்ற சட்டை அரிக்கிறது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் என் மாமனாருக்கு மூன்று சட்டையும் எனக்கு இரண்டு சுடிதாரும் எடுத்தோம். மாமனாருக்கு 72 வயது, வேர்வை பட்டாலே தோல் தடித்துவிடும். "சுத்த காட்டனைத் தவிர எதுவும் அவருக்கு ஒத்துக்காது" என்று சேல்ஸ்மேனிடம் சொல்லித்தான் எடுத்தேன். லேபிளிலும் 100% காட்டன் என்றே இருக்கிறது. ஒரு சட்டையை ஒரு நாள்தான் போட்டார், முதுகெல்லாம் சிவந்துவிட்டது. துணியும் வழவழவென்று இருக்கிறது. என் சுடிதார்கள் அக்குளில் பிடிக்கின்றன. கடையில் கேட்டால், பில்லில் "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்ற வரியைக் காட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் சுடிதாரை ஒதுக்கிவிடுவோம். போட்டுப் பார்க்காமல் எடுத்தது அளவு சரியில்லை என்றால் அதில் வழக்கு இல்லை. சைஸ் தப்பாக ஒட்டியிருந்தாலோ தையல் கோளாறு இருந்தாலோ கேட்கலாம். மற்றபடி மாற்றித் தருவது கடைக்காரரின் மனசு. டெய்லரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வதுதான் சிக்கனம்.

சட்டை விஷயம் வேறு. உடுத்த சௌகரியமாக இல்லை என்பது மட்டும் சட்டத்தில் குறைபாடு ஆகாது. ஆனால் விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அது குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. லேபிளில் 100% காட்டன் என்று போட்டுவிட்டு உள்ளே பாலியஸ்டர் கலந்திருந்தால் உங்கள் பக்கம் பலமாகிவிடும். அது போக, 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவும் உங்களுக்கு உதவும். இன்ன தேவைக்கு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாமனாரின் தோலைப் பற்றிச் சொல்லித்தானே எடுத்தீர்கள்? கூட வந்தவர் யாராவது இருந்தால் அவர் சாட்சி.

பில்லில் அச்சடித்த வரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பதையே அந்த 2019 சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பணத்தைத் திருப்பித் தர 30 நாள்தான் கெடு. தள்ளுபடி விலை என்பதால் இந்தப் பொறுப்பு குறைந்துவிடாது.

இனி நிரூபிக்கும் வேலை. போட்ட சட்டையின் உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியபின் கடினமான கருப்பு மணியாக நிற்கும். இது உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தில் இது செல்லாது. அங்கே வேண்டியது ஆய்வக அறிக்கை. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழுள்ள டெக்ஸ்டைல்ஸ் கமிட்டிக்குக் கரூர், திருப்பூரில் ஆய்வகங்கள் இருக்கின்றன. வழக்குப் போட்ட பிறகு ஆணையமே மாதிரியை அனுப்பவும் முடியும். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சொல்கிறேன், போடாத இரண்டு சட்டைகளையும் லேபிளோடு அப்படியே வையுங்கள். தண்ணீர்கூடப் படக்கூடாது. முதுகுச் சிவப்புக்கு டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சோப்புத்தூளால் வந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எளிதாகச் சொல்லிவிடுவார்.

அடுத்து, கடைக்கு ஒரு கடிதம். பில் எண், தேதி, லேபிள் வாசகம், சேல்ஸ்மேனிடம் சொன்னது, கேட்கும் தொகை, 15 நாள் அவகாசம், இவ்வளவு போதும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். நாள் கடத்த வேண்டாம். வழக்குப் போட இரண்டு வருடம் உண்டு என்றாலும், துணியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடும்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை தஞ்சாவூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது; வக்கீலும் கட்டாயமில்லை (வக்கீலாகிய நானே சொல்கிறேன்). சட்டையை உடுத்தியவர் என்ற முறையில் மாமனார் பெயரிலும் புகார் கொடுக்கலாம். சட்டை விலை, ஆய்வகச் செலவு, மருத்துவச் செலவு, நியாயமான நஷ்டஈடு கேளுங்கள். இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டைக்கு இரண்டு லட்சம் கேட்டால் மனுவே கேலியாகிவிடும்.

கடிதம் போன பிறகு கடைக்காரர் பெரும்பாலும் கிரெடிட் நோட் (பணத்துக்குப் பதில் அதே கடையில் வேறு துணி எடுத்துக்கொள்ளத் தரும் சீட்டு) நீட்டுவார். வேறு துணி எடுக்க விருப்பமிருந்தால் மட்டும் வாங்குங்கள். காலாவதி தேதி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பணம்தான் வேண்டும் என்றால், "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.