எட்டு வருசப் பொறுமை

கேள்வி: அம்மா சீதனமாகத் தந்த வளவில் வீடு கட்டியிருக்கிறோம். வீதியிலிருந்து உள்ளே வர எங்கள் செலவில் கொங்கிறீட் பாதை போட்டோம். பின்வளவு சித்தியுடையது, அவ விற்றுவிட்டா. வாங்கியவர்களுக்கு மறுபக்கத்தில் தனி ஒழுங்கை இருக்கிறது. சுற்றிப்போக அலுப்பு என்று வேலியில் கடப்பு வைத்து, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் எங்கள் பாதையால் விடுகிறார்கள். போன மாதம் மணல் டிப்பரும் வந்து கொங்கிறீட் வெடித்துப் போச்சு. எட்டு வருசமாகச் சண்டை வேண்டாமென்று பொறுத்திருக்கிறோம். இரவோடிரவாகக் கிடங்கு வெட்டுவோம், இல்லாவிட்டால் ஆணி அடித்த பலகை போடுவோம் என்கிறார் இவர். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், ஆரையம்பதி

பதில்: ஆணிப் பலகையை அடுப்புக்குள் வைக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. அந்தப் பாதையால் டிப்பர் வருவதற்கு முதல் ரியூசன் முடிந்து சைக்கிளில் ஒரு பிள்ளை வரும். பிறகு பொலிஸில் முறைப்பாட்டுக்காரராக நிற்க வேண்டிய உங்கள் வீட்டுக்காரர் சந்தேகநபராக நிற்பார்.

கிடங்கும் வேண்டாம். சண்டை முற்றினால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கை போடுவார்கள். காணி யாருக்கு என்று அடியிலிருந்து நுனிவரை அங்கே ஆராயமாட்டார்கள். சமாதானம் குலையாமல் இருக்க, இப்போதைக்கு யாரை எப்படி விடுவது என்றுதான் பார்ப்பார்கள். வருசக்கணக்காக ஓடிய தடம் கண்ணுக்குத் தெரிகிறது. ‘மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும்வரை மறிக்கக்கூடாது’ என்று கட்டளை வந்தால், வெட்டின கிடங்கை வெட்டினவரே மூடவேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது டிப்பர் அல்ல, அந்த எட்டு வருசம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருசக் கணக்கு வைத்திருக்கிறது. ஒருவர் உங்கள் காணிக்குள்ளால் ஒரே தடத்தில், யாரிடமும் கேளாமல், தன் உரிமை போல, தடையில்லாமல் பத்து வருசம் போய்வந்தால், பாதை உரிமை தனக்கு உண்டென்று வழக்காட அவருக்கு வழி திறக்கிறது. நீங்கள் வாய் திறவாமல் இருந்த ஒவ்வொரு வருசமும் அவர் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. ஆனால் நீங்கள் அனுமதி கொடுத்துப் போனவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. ஆகவே உங்களுக்கு இப்போது தேவை கிடங்கு இல்லை, ஒரு கடிதம்.

கடிதம் எழுதமுதல் காணி உறுதிகளைப் பாருங்கள். நம் பக்கத்தில் தாய் வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். முன்துண்டு மூத்தவளுக்கு, பின்துண்டு இளையவளுக்கு என்று போகும். பின்னால் இருப்பவள் அக்காவின் முற்றத்தால் நடப்பாள், யாரும் கேள்வி கேட்பதில்லை. காணி வெளியாருக்கு விலைப்பட்டதும்தான் முற்றம் பிரச்சினையாகிறது. உங்கள் அம்மாவின் உறுதியிலோ சித்தியின் உறுதியிலோ ‘பின்வளவுக்கு இந்தப் பாதையால் வழிவாய்க்கால் உரிமை உண்டு’ என்று ஒரு வரி இருந்தால் நான் எழுதுகிற மிச்சமெல்லாம் வீண். அவர்கள் போகலாம், நீங்கள் மறிக்க முடியாது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, எல்லைகள் எழுதியிருக்கும் அட்டவணையை, உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள். ‘போய்வாங்கோ என்று அம்மா அந்த நாளையில் சொன்னவ’ என்று அவர்கள் சொன்னால் பயப்படாதீர்கள். 1840ஆம் ஆண்டிலிருந்தே காணி உரிமை எழுதிக் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதவேண்டும். வாய்ப்பேச்சு அனுமதியாகலாம், உரிமையாகாது.

‘வேறு வழியில்லை’ என்ற வாதம் வேறு வழியில்லாதவனுக்குத்தான் உதவும். அவர்களுக்கு ஒழுங்கை இருக்கிறதென்று நீங்களே எழுதுகிறீர்கள். சுற்றிப்போக அலுப்பு என்பது அவசியம் ஆகாது.

இதற்குள் ஒன்று கேட்கட்டுமா? கொங்கிறீட் எங்கிருந்து தொடங்குகிறது? வீதியோர வடிகானுக்கு மேலேயும் சேர்த்துப் போட்டிருந்தால் அந்தத் துண்டு உங்களுடையது அல்ல. அதில் யாரும் ஏறி இறங்கலாம். சேவையர் பிளானை விரித்து எல்லைக்கல்லைக் கண்டுபிடித்த பிறகு பேசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் முதல் வசனத்திலேயே அவர்கள் உங்களை மடக்கிவிடுவார்கள்.

உறுதியில் ஒன்றும் இல்லையென்றால், இந்தக் கிழமையே, பகலில், இருவருமாக அவர்கள் வீட்டுக்குப் போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். பிறகு பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும்: இது எங்கள் காணி, இதுவரை நீங்கள் போனதற்கு நாங்கள் ஒத்துக்கொண்டு உரிமை தரவில்லை, இனி எங்கள் அனுமதி இல்லாமல் வாகனம் வரக்கூடாது, மணல், கல் ஏற்றிய வாகனம் எந்த நாளும் வரக்கூடாது. பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

மாரியில் என்ன செய்வது? கார்த்திகை, மார்கழியில் நம்மூர் ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணி நிற்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்போது மறித்தால் ஊர் உங்களைத்தான் பேசும், பேசுவதும் நியாயம். தண்ணி வற்றும்வரை சைக்கிளும் ஓட்டோவும் போகலாம் என்று அதே கடிதத்தில் எழுதி, அவர்களிடம் ஒப்பம் வாங்குங்கள். உதவியும் செய்தாயிற்று, அனுமதி கேட்டுத்தான் போனார்கள் என்பதற்கு அவர்கள் கையெழுத்தும் உங்களிடம் இருக்கும்.

படலை போடுவதானால் அதற்குப் பிறகு, சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒப்பம் போட மறுத்தால், படலையைத் தள்ளித் திறந்தால், மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே கையெழுத்தாகும் இணக்கத்தில் டிப்பர் வெடிக்க வைத்த கொங்கிறீட்டின் திருத்தச் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மேசனிடம் மதிப்பீடு எழுதி வாங்கிக்கொண்டு போனால் பேரம் பேச இடமிருக்காது. வெடிப்பைப் பூசி மறைக்கமுதல் படம் எடுத்து வையுங்கள்.