வஞ்சிரம் என்று கேட்காதீர்கள்

கேள்வி: ஜூன் கடைசியில் குடும்பத்தோடு கன்னியாகுமரி வருகிறோம். ஒருநாள் குளச்சலுக்கும் போய் நல்ல மீன் சாப்பாடு சாப்பிட ஆசை. எந்த ஓட்டலுக்குப் போகலாம்? வஞ்சிரம் கிடைக்குமா? கூட வரும் மாமியார் சைவம்.
– ஒரு வாசகி, கரூர்

பதில்: வாங்க மக்களே. (எங்கள் பக்கம் ஒற்றை ஆளைக் கூப்பிட்டாலும் மக்களேதான்.) வஞ்சிரம் என்று வாயைத் திறந்தாலே நீங்கள் வெளியூர் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். இங்கே அது நெய்மீன். இந்த முறை அதை மறந்துவிடுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சலில் போட்டுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அப்போது தட்டில் வந்து விழும் தடித்த நெய்மீன் துண்டு எத்தனை நாள் ஐஸில் கிடந்தது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். முப்பது வருஷம் ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதியவன் சொல்கிறேன். போன ஆடியில் மருமகனோடு ஒரு கடைக்குப் போனேன். பெரிய போர்டு, ஏசி எல்லாம் உண்டு. வறுவலை விரலால் தொட்டதும் உமி மாதிரி உதிர்ந்தது. அதில் அன்றைக்குச் செய்தது மசாலா மட்டும்தான்.

தடை விசைப்படகுக்குத்தான். கடல் இடம் கொடுக்கிற நாளில் வள்ளங்கள் என்கிற சின்னப் படகுகள் போய்வரும். சாளை (உங்கள் மத்தி), நெத்தோலி (நெத்திலி), அயிலை (கானாங்கெளுத்தி), சில நாள் கணவாய் வரும். அதனால் ஓட்டல் பெயர் கேட்காதீர்கள். கரையில் மீன் விற்கும் அக்காமாரிடம், பக்கத்தில் எங்கே சோறு நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். கடையில் உட்காருமுன், ‘இன்னைக்கு என்ன மீன்?’ என்று ஒரு வார்த்தை. ‘எல்லாம் இருக்கு’ என்றால் எழுந்துவிடுங்கள். ‘சாளைதான் இருக்கு’ என்றால் கையைக் கழுவுங்கள்.

கேட்க வேண்டியது அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் சாளைப் புளிமுளமும். தேங்காய் சேர்க்காமல், புளியும் மிளகாய் வத்தல்பொடியும் போட்டு மண்சட்டியில் வற்றவிட்ட கெட்டிக் குழம்பு அது. மறுநாள்தான் அதற்கு முழு ருசி. எங்கள் அம்மா சட்டியை இராத்திரியே பரண்மேல் ஒளித்துவைப்பாள். நாங்கள் விடியுமுன்னே கண்டுபிடித்துவிடுவோம். தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட குழம்பென்றால் சம்பா அரிசிச் சோறு வேண்டும். அந்தச் சிவப்புச் சோற்றைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளித்தால் ஒரு உருண்டை ஊட்டிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். எங்கள் கடற்கரை ஊர்கள் அன்றைக்குச் சர்ச்சில் பூசைக்குப் போகும், கடலுக்குப் போகாது. தட்டில் வருவது சனிக்கிழமை மீன்.

மாமியாரை முதலில் பக்கத்திலுள்ள மண்டைக்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். தலைவலி தீர நேர்ந்துகொண்டு பகவதிக்கு மண்டையப்பம் படைக்கிற கோயில். அவருக்குச் சாப்பாடு நாகர்கோவிலில்தான்: அவியல், எரிசேரி, உள்ளித்தீயல். சாயங்காலம் ஆளுக்கொரு ரசவடை. அதற்கு மாமியாரும் சம்மதிப்பார்.

கேள்வி: குளச்சல் வெற்றித்தூணில் பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், தேனி

பதில்: கடற்கரையோரம் நிற்கிற ஒரு கல்தூண். 1741ல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவு. பத்து நிமிடம் போதும். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே ராஜாவுக்குப் படை பழக்கினார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தக்கலை வழியாகத் திரும்பினால் அதையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: மட்டிப்பழ வாழைக்கன்று கொண்டுவந்து எங்கள் தோட்டத்தில் வைத்தேன். குலை வந்தது, மணம் வரவில்லையே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கன்றைக் குறை சொல்லாதீர்கள். மட்டிக்கு எங்கள் மண்ணும் மழையும் வேண்டும். கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். இங்கே கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம் அது. உங்கள் குலையைப் பஜ்ஜி போட்டுவிட்டு, பழத்துக்கு நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு வாருங்கள்.