புது பெல்ட் போட்டும் புல் படுத்துக்கொள்கிறதா?

கேள்வி: ஐயா, தவளக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி, வாங்கி எட்டு வருஷம் ஆகிறது, கைப்பிடி லீவரை இழுத்தால் பிளேடு சுற்றும். 2024 ஃபெஞ்சல் மழையில் ஷெட்டுக்குள் டயர் பாதி மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. எஞ்சினுக்குள் போகவில்லை, ஸ்டார்ட் ஆகிவிட்டது. இப்போது என்ன என்றால், முதல் பத்து நிமிஷம் நன்றாக வெட்டுகிறது, அப்புறம் புல் வெட்டுப்படாமல் படுத்துக்கொள்கிறது, ரப்பர் கருகுகிற வாடை வேறு. அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி வெட்டுகிறது. பிளேடு சாணை பிடித்தாயிற்று. பெல்ட்டும் புதிது. எஞ்சின் வீக், சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
– வாசகர், தவளக்குப்பம்

பதில்: வேண்டாம் சார். எஞ்சினைத் தொடவே வேண்டாம், அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எஞ்சின் வலுவிழந்தால் காதுக்குத்தான் முதலில் தெரியும். அடர்ந்த புல்லுக்குள் போனதும் சத்தம் 'ம்ம்ம்' என்று இறங்கும், சில சமயம் திணறி நின்றும் போகும். அதில் ரப்பர் வாடை வராது. எஞ்சின் தன் போக்கில் கத்திக்கொண்டே இருக்கிறது, கீழே பிளேடு மட்டும் சோர்ந்து போகிறது என்றால், நடுவில் எங்கேயோ சக்தி வழுக்கிப் போகிறது என்று அர்த்தம். நடுவில் இருப்பது பெல்ட்தான். வழுக்குகிற பெல்ட் சூடாகும், சூட்டில் அதன் பக்கவாட்டு ரப்பர் இறுகி மினுமினுப்பாகிவிடும், அப்புறம் இன்னும் அதிகமாக வழுக்கும். ஆறவிட்டால் கொஞ்சம் பிடிப்பு வரும். உங்கள் பத்து நிமிஷக் கணக்கு இதுதான்.

சரி, பெல்ட் புதிதாயிற்றே என்பீர்கள். புது பெல்ட்டும் கருகுகிறது என்றால் கோளாறு பெல்ட்டில் இல்லை. ஒன்று, பெல்ட்டை இழுத்துப் பிடிக்க வேண்டியது பிடிக்கவில்லை; இல்லை, பெல்ட் சுற்ற வேண்டியது சுற்ற மாட்டேன் என்கிறது. டயர் பாதி மூழ்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, பிளேடுகளை மூடியிருக்கிற அந்தத் தகர டெக் முழுசாகவே தண்ணீருக்குள் இருந்திருக்கும். இந்த இரண்டு வேலையும் நடக்கிற இடம் அந்த டெக்கின் மேல்தான். அதோடு நம் ஊர் கடல் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், துரு பிடிக்க வேறு என்ன வேண்டும்?

முதலில் சாவியை எடுத்துவிடுங்கள், ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள், கையால் பிளேடைச் சுற்றும்போது எஞ்சின் ஒரு அடி அடித்தால் போதும், விரல் போய்விடும். கையில் கனமான கையுறை, இல்லையென்றால் சாக்கு.

இப்போது லீவரைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். லீவரோடு சேர்ந்து ஒரு இரும்புக் கை அசையும், அதன் நுனியில் டென்ஷன் புல்லி இருக்கும், ஒரு ஸ்பிரிங் அதை இழுத்து பெல்ட்டின் முதுகில் அழுத்தும். என் சந்தேகம் முழுக்க அந்தக் கையின் மேல்தான். அது சுழல்கிற ஆணி துருப்பிடித்து இறுகியிருக்கும். பார்க்க ஒன்றுமே தெரியாது, பாதி தூரம் வரும், அதோடு நின்றுவிடும், ஸ்பிரிங் பாவம் இழுத்துக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் இதே கை நகர்ந்தால்தான் பிளேடு புல்லியைப் பிடித்திருக்கிற பிரேக் கட்டையும் முழுசாக விலகும். ஆக, பெல்ட் தளர்வு, பிரேக் பாதி பிடித்தபடி. எந்த பெல்ட் போட்டால்தான் கருகாது? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கையால் ஆட்டிப் பாருங்கள், எண்ணெய் போட்ட கதவுக் கீல் மாதிரி வர வேண்டும். வராவிட்டால் துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் ஆணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். ஸ்பிரிங்கின் சுற்றுகள் இடைவெளி விட்டுத் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை.

அடுத்து பிளேடு சுற்றுகிற ஸ்பிண்டில்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு லீவரை வெட்டுகிற நிலையில் வைத்து ஒவ்வொரு பிளேடாகச் சுற்றுங்கள். லீவரை அணைத்து வைத்துக்கொண்டு சுற்றினால் பிரேக் கட்டை பிடித்துக்கொள்ளும், பேரிங் போய்விட்டது என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள் (நானே ஒரு தடவை நல்ல பேரிங்குகளைத் தட்டிக் கழற்றிவிட்டு முழித்திருக்கிறேன்). சத்தமில்லாமல் வழுவழு என்று சுற்றினால் நல்லது. மணல் அரைபடுகிற மாதிரி கரகரவென்றாலோ, பிளேடு நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் இருந்தாலோ, பேரிங் மாற்ற வேண்டியதுதான். பழைய பேரிங்கின் ஓரத்தில் 6203 என்பது போல எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைச் சொன்னால் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும், ஷோரூமுக்கு எழுதிப் போட்டு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆனால் சில வண்டிகளில் உள்துளை அங்குலக் கணக்கில் இருக்கும், அதனால் பழசைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாகக் கேளுங்கள்.

பெல்ட் எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. மாவு மில்லுக்குப் போடுகிற பெல்ட்டையே 'அளவு சரியாத்தான் இருக்கு' என்று கொடுத்திருந்தால் அது தாங்காது. மில் பெல்ட் ஒரே சீராக ஓடுகிறது. இதுவோ லீவர் போடும் ஒவ்வொரு தடவையும் வழுக்கித்தான் பிடிக்கிறது, முதுகில் வேறு புல்லி உரசுகிறது. அதற்காகவே புல்வெட்டி பெல்ட்டுக்குள் பெரும்பாலும் கெவ்லர் மாதிரி வலுவான இழை வைத்திருப்பார்கள். போட்ட பெல்ட் புல்லியின் பள்ளத்தில் அடிமட்டம் வரை இறங்கி உட்கார்ந்திருந்தாலும் தப்பு. பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கத்தாலும்தான், அடியால் அல்ல. பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் ஒல்லி, அல்லது தேய்ந்த பெல்ட் என்று தெரிந்துகொள்ளலாம். வழுக்குகிறதே என்று பசை, மெழுகு எதையும் தடவ வேண்டாம், புல்தூள் ஒட்டி இன்னும் மோசமாகும்.

இவ்வளவும் சரியாக இருந்து, எஞ்சின் சத்தமும் இறங்குகிறது என்றால் மட்டும் எஞ்சின் பக்கம் போகலாம். அப்போதும் போர் வேலை கடைசி. ஏர் ஃபில்டர், பாதி மூடியபடி நின்றுவிட்ட சோக், டெக்குக்கு அடியில் அப்பிக் காய்ந்து போன பழைய புல், இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த புல்லை ஒட்ட வெட்டினால் நல்ல எஞ்சினும் திணறும்; பிளேடை உயர்த்தி வைத்து, புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், ஆக்ஸிலேட்டர் முழுசாக வைத்து, வண்டியை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்.

இன்னொன்று, சாணை பிடித்து மாட்டினேன் என்றீர்களே, தலைகீழாக மாட்டவில்லையே? பிளேடு நுனியில் மடிந்திருக்கிற இறக்கை மேலே, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். தரையைப் பார்த்தால் அது வெட்டாது, பெருக்கும்.

கேள்வி: முந்திரித் தோப்பில் களை வெட்ட பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன், 2 ஸ்ட்ரோக். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் வேகம் ஏறவில்லை. கார்புரேட்டர் இரண்டு தடவை கழுவியாயிற்று.
– வாசகர், பண்ருட்டி

பதில்: மூன்றாவது தடவை கழுவாதீர்கள். சைலன்ஸருக்குள் பொடிக் கண்ணிகள் உள்ள சிறு வலை இருந்தால், அதைக் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் புகை வெளியே போக வழியில்லை, அப்புறம் எஞ்சின் எப்படி மூச்சு விடும்? கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். பெட்ரோலில் கலக்கிற ஆயில் கூடினாலும் கரி சேரும், அதைக் கண்ணளவில் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். புத்தகத்தில் 25:1 என்றிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. இருமல் மருந்து மூடியே போதும் அளப்பதற்கு.