வாசகர் கேள்வி பதில்: ஐஸ் உருகும் கணக்கு

கேள்வி: ரம், பழச்சாறு, சீனிப்பாகு எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. பாரில் கலக்கித் தருவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை? (செந்தூல் வாசகர்)

பதில்: உங்கள் பட்டியலில் தண்ணீர் இல்லை. பார்டெண்டரின் கைத்திறனில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. எலுமிச்சை சேர்ந்த 100 மில்லி ரம் கலவையை ஐஸோடு 12 விநாடி வேகமாகக் குலுக்கி வடித்தால், ஏறத்தாழ 150 மில்லி வரும். கூடியது முழுக்க ஐஸ் உருகிய நீர். மதுவின் எரிச்சலைத் தணித்து, அடங்கிக் கிடந்த மணத்தை எழுப்புவது அதுதான். அதே கலவையை ஐஸ் சேர்க்காமல் குளிர்பெட்டியில் வைத்துக் குடித்துப் பாருங்கள். சில்லென்றுதான் இருக்கும், ஆனால் தொண்டை எரியும், இனிப்பும் புளிப்பும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும்.

நம் ஊர் வெக்கையில் வாளியில் கிடக்கும் ஐஸ் சீக்கிரமே ஈரமாகிவிடும். அந்த ஈரத்தோடு ஷேக்கரில் (குலுக்கும் மூடிக் குவளையில்) போட்டால் கணக்குக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். நல்ல பார்டெண்டர் அதை வடித்துவிட்டுத்தான் மூடுவார். குலுக்கிய ஐஸைக் கொட்டிவிட்டு, கிளாசில் புது ஐஸ் போடுவார். ஸ்ட்ரா நுனியில் ஒரு துளி எடுத்து ருசித்த பிறகே உங்கள் பக்கம் நகர்த்துவார். பாட்டிலைச் சுழற்றி எறிவதைவிட இந்த மூன்றுக்கும்தான் கைதட்ட வேண்டும்.

கேள்வி: ‘ஜங்கிள் பேர்ட்’ கோலாலம்பூரில் பிறந்த காக்டெய்லாமே? வீட்டில் செய்தால் ஒருநாள் கசக்கிறது, ஒருநாள் சப்பென்று இருக்கிறது. (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

பதில்: ஆமாம், நம் ஊர்ச் சரக்குதான். 1970-களில் அன்றைய கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் உருவாக்கியது. ரம்மோடு அன்னாசியைச் சேர்த்தவர்கள் ஏராளம்; அதில் இத்தாலியின் கசப்பு மதுவான கம்பாரியைத் துணிந்து ஊற்றி, பழ இனிப்புக்குக் கசப்பால் கடிவாளம் போட்டதுதான் அவர் கைவண்ணம்.

பழைய அளவு இது: கறுப்பு ரம் 45 மில்லி, கம்பாரி 22, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, சீனிப்பாகு 15. முதலில் எலுமிச்சையும் பாகும், பிறகு அன்னாசி, கடைசியில் ரம்மும் கம்பாரியும் ஊற்றுங்கள். அளவு தப்பினால் விலை குறைந்த பொருளோடு நஷ்டம் நின்றுவிடும். ஐஸ் எல்லாவற்றுக்கும் பிறகு.

ஒவ்வொரு நாளும் ருசி மாறுகிறது என்றால் நீங்கள் கண்ணளவில் ஊற்றுகிறீர்கள். 15 மில்லி எலுமிச்சையில் 5 மில்லி கூடினால் புளிப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். ஜிக்கர் (மது அளக்கும் சிறு குவளை) ஒன்று வாங்குங்கள், விளிம்பு வரை நிரப்புங்கள். கசப்புக்குக் கம்பாரி மட்டும் காரணமாக இருக்காது. எலுமிச்சையைத் தோல் நசுங்கப் பிழிந்தாலும் கசக்கும், மென்மையாக அழுத்துங்கள். சாற்றை அன்றன்றே பிழிய வேண்டும். அப்படியும் கசந்தால் ஒரு சிட்டிகை உப்பு போதும். கம்பாரியைக் குறைத்தால் அது வெறும் அன்னாசி ஜூஸ் ஆகிவிடும். சப்பென்று இருந்தால் ஐஸைப் பாருங்கள்: ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த பெரிய கட்டிகள் வேண்டும். அரைத்த ஐஸ் ஷேக்கருக்கு ஆகாது. புதிதாகப் பிழிந்த அன்னாசியை நன்றாகக் குலுக்கினால் மேலே நுரை கட்டும். நுரை வரவில்லை என்றால் கை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: எதைக் குலுக்குவது, எதைக் கலக்குவது? (கிள்ளான் வாசகர்)

பதில்: பழச்சாறு, முட்டை வெள்ளை, பால் இருந்தால் குலுக்குங்கள். எல்லாமே மதுவாக இருந்தால் நீண்ட கரண்டியால் 30 விநாடி கலக்குங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி புகுந்து கலங்கிவிடும்; வாயில் வழுவழுப்பு போய்விடும்.

கேள்வி: சீனிப்பாகுக்குப் பதில் கூலா மலாக்கா (தென்னை வெல்லம்) போடலாமா? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: தாராளமாக. கறுப்பு ரம்மோடு அவ்வளவு பொருத்தம். 200 கிராம் சீவிய கூலா மலாக்கா, 200 மில்லி தண்ணீர், முடிச்சிட்ட பண்டான் இலை ஒன்று. சிறுதீயில் கரைந்ததும் இறக்கி வடிகட்டுங்கள், அடியில் மண்டி இருக்கும். கொதிக்க விட்டால் கெட்டியாகி, அளவு பொய்யாகிவிடும். முழுக்க ஆறட்டும், சூட்டோடு ஊற்றினால் ஐஸ் கரைந்து எல்லாம் பாழ். குளிர்பெட்டியில் 2 வாரம் தாங்கும்.

கேள்வி: வீட்டில் மது தொடாதவர்களும் 21 வயது ஆகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே தரத்தில் ஏதாவது? (ஜார்ஜ்டவுன் வாசகி)

பதில்: சட்டமும் உங்கள் பக்கம்தான், 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மதுவை எடுத்துவிட்டால் நாக்கில் ஒரு பிடிப்பு குறையும். அதைத் தேயிலையின் துவர்ப்பு ஈடுகட்டும். கேமரன் மலைத் தேயிலை 4 கிராமை 100 மில்லி வெந்நீரில் 6 நிமிடம் ஊறவிட்டு ஆறவையுங்கள். அதில் 45 மில்லி, அன்னாசி 90, எலுமிச்சை 15, கூலா மலாக்கா பாகு 15, உப்பு ஒரு சிட்டிகை. மது இல்லாததால் தண்ணீர் அதிகம் தேவைப்படாது. 8 விநாடி குலுக்கினால் போதும். பிள்ளைகளுக்கு என்றால் தேயிலையைப் பாதியாக்குங்கள்.