பக்கத்து நாட்டுக்குப் பார்சல்: கேள்வி-பதில்

கே: யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கு முறுக்கு அனுப்பக் கூரியருக்குப் போனேன். தராசில் இரண்டரைக் கிலோதான். ஏழரைக் கிலோவுக்குப் பணம் கேட்கிறார்கள். (திருச்சி)

ப: பெட்டி பெரிதாகிவிட்டது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, வருவதையும் ஓர் எடையாகக் கூரியர்காரர்கள் கணக்கு வைப்பார்கள். தராசு எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 40×30×30 பெட்டி 7.2 கிலோ, அரைக் கிலோ கணக்கில் ஏற்றினால் ஏழரை. 30×20×20 பெட்டியில் நெருக்கி அடுக்கினால் 2.4-தான். முறுக்கு நொறுங்கும் என்று பயந்தால் சீடை அனுப்புங்கள்.

கே: சென்னைக்கும் கொழும்புக்கும் எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் ஒரே தூரம். தபால் செலவு மட்டும் ஏன் ஒன்றாக இல்லை? (மதுரை)

ப: கட்டணத்தை வைப்பது அனுப்புகிற நாட்டு அஞ்சல் துறை. இங்கே 20 கிராம் உள்நாட்டுக் கடிதத்துக்கு 5 ரூபாய். இலங்கையில் 15 ரூபாயாக இருந்தது, நெருக்கடி முற்றிய 2022 ஆகஸ்ட்டில் 50 ஆனது. நம் காசில் ஏறத்தாழ 15 ரூபாய். வெளிநாட்டுத் தபால் என்றால் இன்னொன்றும் சேரும்: அங்கே வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அந்த நாட்டுக்கு நம் அஞ்சல் துறை பங்கு தர வேண்டும். அதற்கான விதியை வகுப்பது 1874-இல் தொடங்கிய அனைத்துலக அஞ்சல் ஒன்றியம். சீனாவிலிருந்து தன் நாட்டுக்கு வரும் பொட்டலத்துக்கு இந்தப் பங்கு மிகக் குறைவு என்று சொல்லி அமெரிக்கா விலகப்போவதாக மிரட்டியது. 2019-இல் ஜெனீவாவில் விதியையே மாற்றினார்கள். தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கே: கொழும்பில் இருக்கும் மகளுக்குப் புடவை அனுப்பச் சென்னைக் கடை ஒன்று ஆன்லைனில் தபால் செலவாக 2,400 ரூபாய் வாங்கியது. கவரில் ஒட்டிய தபால் சீட்டில் அதில் பாதிகூட இல்லை. (ஈரோடு)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கவரைத் தூக்கிப்போட வேண்டாம் என்று இன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள். அந்தச் சீட்டுதான் சாட்சி. பேக்கிங்குக்கும் ஆள் கூலிக்கும் கடை பணம் வாங்கட்டும், ஆனால் அந்தப் பெயரில் வாங்கட்டும். தபால், கையாளும் செலவு, வரி எல்லாவற்றையும் பிரித்துக் காட்டி மொத்த விலையைச் சொல்ல வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். லாபத்தைத் தபால் செலவுக்குள் ஒளித்து வைப்பதை என்னால் பொறுக்கவே முடியாது. வெளிநாட்டிலிருந்து நான் வாங்கிய ஒரு பழைய புத்தகத்துக்கு டிராக்கிங் தபால் என்று பணம் வாங்கிக்கொண்டு சாதாரணத் தபாலில் போட்டுவிட்டார் விற்றவர். டிராக்கிங் உள்ள வெளிநாட்டுத் தபாலில் 13 எழுத்தும் எண்ணுமாகப் பார்கோடு இருக்கும்; இலங்கையிலிருந்து வந்தால் முடிவில் எல்கே, இந்தியாவிலிருந்து போனால் ஐஎன். எனக்கு வந்த கவரில் வெறும் ஸ்டாம்புதான். சரி, நீங்கள் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்.

கே: காட்மாண்டுவிலிருந்து சால்வை வாங்கினேன். 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்புவதாக விற்றவர் சொன்னார், சரி என்றேன். சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. (சேலம்)

ப: விலை கொடுத்து வாங்கியது எப்படி கிஃப்ட் ஆகும்? தபாலிலோ கூரியரிலோ 'கிஃப்ட்' என்று வரி கட்டாமல் பொருள் இறக்குவதற்கே 2019 டிசம்பரில் தடை வந்தது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. வரியை மிச்சம் பிடிக்கப் பொய்க்குச் சம்மதித்துவிட்டு என்னிடம் வழி கேட்காதீர்கள். உண்மையான பில்லை வரவழைத்துச் சுங்கத்தில் கொடுங்கள், கேட்கிற பணத்தைக் கட்டுங்கள்.

கே: மலேசியாவில் தபால் மலிவாம். ஜோகூர் பாரு போய் ஒரு பார்சல் போட்டுவிட்டு வரலாமா? (சிங்கப்பூர்)

ப: ஒரே ஒரு பார்சலுக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனை வரிசையில் நிற்க வேண்டாம்.