பரணில் கிடந்தது என்ன? கேள்வி-பதில்

வழமையான புலம்பலோடு தொடங்குகிறேன். பரணில் கிடந்த பழைய கருவியைப் படம் எடுத்து அனுப்பும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலையோ ஐந்து ரூபாய்க் குற்றியையோ வையுங்கள். பித்தளையைப் புளி போட்டு விளக்காதீர்கள்; கோடுகள் அழிந்தால் கருவி வெறும் பித்தளைதான்.

கம்பில் தொங்கும் பித்தளைக் குழாய். கீழே நகரும் குண்டு. கண்ணாடி வில்லை இல்லை. உடைந்த தொலைநோக்கியா? (ஹற்றன்)

உடையவில்லை. காட் டிரேசர். மலைச்சரிவில் ரோட்டுக்கும் கானுக்கும் (வடிகாலுக்கும்) வாட்டம் பிடிக்கிற கருவி. குண்டை 1-க்கு 20 என்ற கோட்டில் நிறுத்தினால் குழாய் அதே அளவு சாயும். ஓட்டை வழியாகப் பார்த்து, எதிரே பலகை பிடிப்பவரை மேலே கீழே நகர்த்துவார்கள். குண்டு தொலைந்தால் கருவியும் போச்சு.

கோடு போட்ட கண்ணாடிக் குவளை. மருந்து அளக்கவா? (மஸ்கெலியா)

மழை அளக்க. புனலும் இருக்கிறதா என்று தேடுங்கள். 5 அங்குலப் புனலின் குவளையை 8 அங்குலப் புனலுக்கு வைத்தால் மழை இரண்டரை மடங்காகத் தெரியும்.

ஒரே பலகையில் இரண்டு வெப்பமானி, ஒன்றில் துணித்திரி. (தலவாக்கலை)

காற்றின் ஈரம் பார்ப்பது. தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் தொங்கியிருக்கும். உள்ளே பாதரசம் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

கொழுந்துத் தராசு, வட்ட முகப்பு. சும்மா தொங்கவிட்டாலும் முள் பூச்சியத்துக்கு இரண்டு றாத்தல் (பவுண்டு) பின்னால் நிற்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா? (பண்டாரவளை)

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முள் பூச்சியத்தைத் தாண்டி நிற்கும். பின்னால் நிற்கிறதென்றால் பெரும்பாலும் யாரோ திருகைத் திருகியிருக்கிறார்கள். சோதிப்பது லேசு: வெறும் வாளியைத் தொங்கவிட்டு முள்ளைக் குறியுங்கள், பிறகு 10 லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். வித்தியாசம் 22 றாத்தல் வந்தால் ஸ்பிரிங் நல்லாயிருக்கிறது.

எதற்குத் திருகினார்கள்? சாக்கின் எடையைக் கழிக்க. அதில் தப்பில்லை. முள்ளிலும் கழித்துவிட்டு, பேருக்கு நேரே எடை எழுதும்போது இன்னொரு தடவை 'சாக்குக்கு இரண்டு' என்று வாயாலும் கழிப்பதுதான் தப்பு. என் அம்மா கொழுந்தெடுத்த மலையில் மழை நாளென்றால் 'தண்ணிக்கு இரண்டு' வேறு. அம்மாவுக்கு எண் வாசிக்கத் தெரியாது. ஆனால் வெறும் தராசில் முள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். ஒருநாள் கொக்கியைக் காட்டி, "ஒன்னும் மாட்டலியே, அது ஏன் அங்க நிக்குது?" என்று கேட்டார். அன்று நிறுவை அரைமணி நேரம் நின்றது. அந்தத் திருகைச் சரிசெய்துவிடாதீர்கள். அப்படியே படமெடுத்து வையுங்கள்.

நூறு கண்ணிச் சங்கிலி, இடையிடையே பல்லுள்ள பித்தளைத் தகடு. நாய் கட்ட எடுக்கலாமா? (நுவரெலியா)

கூடாது! நிலம் அளக்கும் சங்கிலி, 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஒரு பல் 10 கண்ணி, இரண்டு பல் 20.

பழைய மீட்டர் ஒன்று இருக்கிறது, என்ன விலை போகும்? (பதுளை)

என்ன மீட்டர்? கரண்டு மீட்டரா? படம் அனுப்புங்கள். அடிக்கோலோடு.