முட்டை வெடித்ததா இல்லையா: மாத்திரை எடுக்கும் தோழிகளின் கேள்விகள்

கேள்வி: அக்கா, எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ். முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை எடுத்து, 21ஆம் நாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பார்த்தோம், 0.8தான். முட்டை வெடிக்கவே இல்லையா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள் தங்கச்சி. 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான கணக்கு. அவர்களுக்கு 14ஆம் நாள் வாக்கில் முட்டை வெளிவரும், அதிலிருந்து ஏழு நாள் கழித்துப் பார்த்தால் புரோஜெஸ்டிரோன் நன்றாக ஏறியிருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு முட்டையே 20, 21ஆம் நாள்தான் வந்தது என்றால் அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் 0.8 காட்டாமல் வேறென்ன காட்டும்? ஸ்கேனில் வெடித்த நாள் தெரிந்தால் அதிலிருந்து ஏழு நாள் எண்ணுங்கள். தெரியாவிட்டால் 28ஆம் நாள் வாக்கில் மறுபடி பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள். மாத்திரை எடுக்கும் மாதத்தில் 10க்கு மேல் எதிர்பார்க்கும் டாக்டர்கள் உண்டு, ஆனால் இந்த ஹார்மோன் விட்டு விட்டுச் சுரப்பது, ஒரே நாளில் காலையில் ஒரு எண்ணும் மாலையில் வேறொன்றும் வரும், அதனால் 8 வந்தவர் 12 வந்தவரைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

கேள்வி: முட்டை வளர 5 முதல் 9ஆம் நாள் வரை குளோமிஃபீன் மாத்திரை எடுத்தேன். 10ஆம் நாளே ஓவுலேஷன் கிட்டில் இரண்டு கோடும் அழுத்தமாக இருக்கிறது.

பதில்: அதை நம்ப வேண்டாம். கிட் தேடுவது எல்எச் என்ற ஹார்மோனை, அந்த மாத்திரையே அதை ஏற்றிவிடும். கடைசி மாத்திரை முடிந்து மூன்று நாளாவது விட்டு கிட் பாருங்கள். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் எல்எச் சும்மாவே கூடுதலாக இருக்கலாம், அப்போது கிட் பல நாள் ஏமாற்றும். அப்புறம் ஒன்று, கிட் சரியாகவே காட்டினாலும் முட்டை வரப்போகிறது என்றுதான் சொல்கிறது, வந்துவிட்டது என்று சொல்வதில்லை.

கேள்வி: முட்டைப் பை 20 மில்லிமீட்டர், அது வெடிக்க எச்சிஜி ஹார்மோன் ஊசி போட்டார்கள். எட்டாவது நாள் வீட்டில் டெஸ்ட் பண்ணினேன், மங்கலாக ஒரு கோடு!

பதில்: கொஞ்சம் பொறுங்கள்மா. கர்ப்பம் பார்க்கும் கிட் தேடுவதும் அதே எச்சிஜியைத்தான், ஊசி மருந்து உடம்பை விட்டுப் போகப் பத்துப் பதினாலு நாள்கூட ஆகும். எனக்கும் இப்படி ஒரு கோடு வந்து, அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன், நாலு நாளில் அது மறைந்துபோனது, அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கும் ஊசி போட்டு 14 நாள் முடியட்டும்.

கேள்வி: ஊசி போட்டால் கட்டாயம் வெடித்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் 36 மணி நேரத்தை ஒட்டி வெடித்துவிடும். சிலருக்கு வெடிக்காமல் அப்படியே நிற்கும், ஆனாலும் புரோஜெஸ்டிரோன் ஏறும், காலை வெப்பநிலையும் ஏறும். ஆகவே ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தும் மாதக்கணக்கில் கர்ப்பம் தங்காவிட்டால், ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்கேன் கேளுங்கள்.

கேள்வி: டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை எடுக்கிறேன், புரோஜெஸ்டிரோன் ரிப்போர்ட் மாறுமா?

பதில்: மாறாது, அந்த மாத்திரையை இந்தப் பரிசோதனை கணக்கில் எடுக்காது, வரும் எண் உங்கள் உடம்பே சுரந்தது. பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை என்றால் எண்ணோடு கலந்துவிடும், ரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.